குழிவிரியன் தந்த மருந்து

ஈயச் சுரங்கத்தால் வளர்ந்து, பின்னர் ரப்பர்த் தோட்டங்களாலும் சூழப்பட்ட ஊர் பேராக் மாநிலத்துக் கமுந்திங். வட பேராக்கிலிருந்து கெடா, பெர்லிஸ் வரையில், பொழுது புலருமுன் பால்மரம் வெட்டப் போவோர் அஞ்சிய பாம்பு மலாயாக் குழிவிரியன். மலாய் மக்கள் அதனை ‘ஊலார் காப்பாக் போடோ’ என்பர். ‘போடோ’ என்றால் மந்த புத்தியுடையது என்பது பொருள். ஆள் நடமாட்டம் கண்டும் அது விலகாது; சருகின் நிறத்தோடு நிறமாய்ச் சுருண்டு கிடக்கும். வெறுங்காலால் மிதித்தவரைக் கடித்த பின்னும் பெரும்பாலும் அவ்விடத்திலேயே இருக்கும். இதன் நஞ்சுக்கு இரத்தக் குழாய் நோய்களின் ஆராய்ச்சியிலும் ஓர் இடமுண்டு.

பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், 1950-களிலிருந்து பாம்பு கடித்தோரைக் கூர்ந்து ஆராய்ந்தார். தியன், சான் முதலிய வைத்தியர்களுடன் 1963-இல் ‘லான்செட்’ இதழில் அவர் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவதாகும். நஞ்சு ஏறியோரின் இரத்தம் பல நாட்கள், சிலருக்கு வாரக்கணக்கில், உறையவே இல்லை. ஆயினும் அவர்களுள் பலருக்கு ஆபத்தான இரத்தப்போக்கு ஏற்படவில்லை.

காரணம் யாது? இரத்தம் உறைவதற்கு ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் வேண்டும். அது நார்களாகி, ஒன்றோடொன்று பிணைந்து கட்டியாகும். குழிவிரியன் நஞ்சிலுள்ள நொதி அப்புரதத்தை அரைகுறையாக வெட்டிவிடுகிறது. அதனால் உண்டாகும் நார்கள் உறுதி பெறாமல் விரைவில் கரைந்து போகின்றன. இரத்தத்தில் புரதம் தீர்ந்து போவதால் பின்னர் கட்டி உண்டாவதில்லை.

மாரடைப்பிலோ நிகழ்வது இதற்கு நேர்மாறு. தமனியின் சுவரில் படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. ஆகவே நஞ்சையே மருந்தாக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. எஸ்னூஃப், டன்னா என்னும் ஆராய்ச்சியாளர் அந்நொதியைப் பிரித்தெடுத்த விவரத்தை 1967-இல் வெளியிட்டனர். ‘ஆர்வின்’ என்று பெயர் பெற்ற அம்மருந்து 1968-க்குள் லண்டனில் இரத்தக்கட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது.

எனினும் எண்ணியபடி யாவும் நிறைவேறவில்லை. மூளையில் இரத்தம் அடைத்துப் பக்கவாதம் கண்ட 500 பேரிடம், மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்து நடத்திய சோதனையின் முடிவு 2000-இல் வெளிவந்தது. மருந்து பெற்றோரில் 42.2 விழுக்காட்டினரும், பெறாதோரில் 34.4 விழுக்காட்டினரும் நல்ல நிலை எய்தினர். ஆறு மணி நேரம் வரை காலம் நீட்டி, 1,222 பேரிடம் நடத்திய மற்றொரு சோதனையின் முடிவு 2006-இல் வந்தது. அதில் பயன் காணப்படவில்லை. இரத்தக் கசிவே மிகுந்தது. உறைதலைத் தடுப்பது ஒன்று, நோயைத் தீர்ப்பது வேறொன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆயினும் அவ்வாராய்ச்சி வீண்போகவில்லை. விரியன் கடித்தவரின் இரத்தம் உறைகிறதா என்று பார்ப்பதே நஞ்சு ஏறியதை அறியும் வழி என்பதை அது உறுதிப்படுத்தியது. இன்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிற்றூர் மருத்துவமனைகளில், சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கின்றனர். உறையாமல் ஓடினால் நஞ்சுமுறி மருந்து கொடுக்கின்றனர். மந்திரத்திலும் கீறலிலும் காலம் போக்காது மருத்துவமனைக்கு வருவோரை இச்சோதனை காக்கிறது. தோட்டப்புறத்து எளிய மக்கள் பட்ட துன்பத்திலிருந்து கிடைத்த இவ்வறிவு, அத்தகைய மக்களுக்கே இன்றும் பயன்பட்டு வருகிறது.