தாமஸ் கப்பலில் போன ஆசிரியர்கள்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1901 ஜூலை 23 அன்று சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்திலிருந்து 'தாமஸ்' என்ற அமெரிக்க ராணுவக் கப்பல் புறப்பட்டது. அதில் ஏறத்தாழ 500 ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. ஒரு மாதம் கழித்து மணிலா போய்ச் சேர்ந்தார்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஆங்கிலம் கற்பிப்பதே அவர்களுடைய வேலை. கப்பலின் பெயரால் அவர்களைத் 'தாமசைட்டுகள்' என்று வரலாறு அழைக்கிறது.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தீவுகளை ஸ்பெயின் ஆண்டது. 1898-ல் போரில் தோற்று, பாரிஸ் ஒப்பந்தப்படி 2 கோடி டாலர் பெற்றுக்கொண்டு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. விடுதலை கேட்ட பிலிப்பைன்ஸ் மக்கள் 1899-ல் அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்டார்கள். அந்தப் போர் முடியும் முன்பே, 1901 ஜனவரியில் வந்த 74-ஆம் எண் சட்டம், பொதுப் பள்ளிகளில் ஆங்கிலமே கல்விமொழி ஆக வேண்டும் என்றது. முதலில் துப்பாக்கி, பின்னாலேயே பாடப்புத்தகம்.

போன ஆசிரியர்கள் கெட்டவர்கள் அல்லர். பகலில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார்கள், பிறகு உள்ளூர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், இரவில் பெரியவர்களுக்கும் கற்பித்தார்கள். 1902-ல் காலரா பரவியபோதும் பலர் ஊரை விட்டு ஓடவில்லை. சிலர் அந்த மண்ணிலேயே இறந்தார்கள். மணிலாவில் 1901 செப்டம்பரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது.

ஆனால் தயாரிப்பு? அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. தகாலோக், செபுவானோ, இலோகானோ என்று ஊருக்கு ஊர் மாறும். ஸ்பானிய மொழி தெரிந்துகொண்டு போயிருந்தாலும் பயன் குறைவுதான். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது. புத்தகங்களோ அமெரிக்காவில் அச்சானவை. அவற்றில் பனிக்கட்டியும் ஆப்பிளும் இருந்தன. வகுப்பில் இருந்ததோ தென்னையும் எருமையும் பார்த்து வளர்ந்த பிள்ளை. ஆப்பிளைக் கண்ணால் காணாமலே 'ஏ ஃபார் ஆப்பிள்' படித்த நமக்கு அது புரியும்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன முதல் விதி 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்' என்பது. அங்கே பிள்ளைக்கு மொழியும் தெரியாது, மொழி பேசும் பொருளும் தெரியாது. 1925-ல் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் மன்ரோ தலைமையில் ஒரு குழு பள்ளிகளை ஆராய்ந்தது. வேற்று மொழியில் படிப்பது பிள்ளைகளுக்குப் பெருந்தடை என்றும், பெரும்பாலானோர் சில வகுப்புகளோடு பள்ளியை விட்டுவிடுகிறார்கள் என்றும் கண்டது.

இந்தக் குறையைப் போக்க முன்வந்தவர் கமிலோ ஒசியாஸ். அமெரிக்காவில் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்பிய பிலிப்பைன்ஸ்காரர். தம் நாட்டுக் கதைகளையும் தலைவர்களையும் வைத்து ஆங்கில வாசகப் புத்தக வரிசை எழுதினார். மொழி அயல்மொழிதான், பொருள் பிள்ளையின் சொந்த ஊர்.

அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. 2012-ல் தொடக்க வகுப்புகளுக்குத் தாய்மொழிவழிக் கல்வியைக் கொண்டுவந்தார்கள். 2024-ல் சட்டம் இயற்றி அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள். நூறு ஆண்டுக்கு முன் அவசரமாகப் போட்ட ஒரு முடிச்சு, இன்றும் அவிழ்க்க முடியாமல் கிடக்கிறது.

இன்னொரு கப்பலை, இல்லை, விமானத்தைச் சொல்கிறேன். 1961 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்க அமைதிப் படையின் முதல் குழு, ஆசிரியப் பணிக்காகக் கானா நாட்டின் அக்ரா நகரில் இறங்கியது. விமான நிலையத்திலேயே அந்நாட்டுப் பண்ணை அங்குள்ள ட்வி மொழியில் பாடினார்கள். பாட்டுக்காகக் கற்ற நாலு வரிதான். ஆனாலும் கற்பிக்க வந்தவர் முதலில் கற்றுக்கொண்டு வந்தார் என்பதைக் கேட்டவர்கள் உணர்ந்திருப்பார்கள்.

தாய்லாந்து, வியட்நாம், வளைகுடா என்று ஆங்கிலம் கற்பிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதையே சொல்வேன். சான்றிதழ் வேண்டும், இலக்கணமும் வேண்டும். அவற்றோடு அந்த ஊர் மொழியில் ஒரு நூறு சொல்லாவது கற்றுக்கொண்டு போங்கள். அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன விளையாடுகிறார்கள் என்று முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் முதல் பாடக்குறிப்பை அதிலிருந்து எழுதுங்கள்.

உங்கள் ஊர் அனுபவங்களைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.