வேலையிழப்பு உதவித்தொகை (புனே)

வேலை போன தொழிலாளிக்கு இந்தியாவில் கிடைக்கும் உதவித்தொகை, நோய்க்கென ஏற்பட்ட காப்பீட்டில் பிற்பாடு ஒட்டப்பட்ட கிளை. பிரிட்டன் 1911-இல் நோயையும் வேலையின்மையையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இந்தியாவிலோ, தொழிலாளர் உடல்நலக் காப்பீடு பற்றிப் பி.பி. அதார்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் வழியே வந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) சட்டம் (1948) நோய், பேறுகாலம், பணியிட விபத்து ஆகியவற்றோடு நின்றுகொண்டது. 1953 முதல் ஆட்குறைப்புக்கு ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம் என இழப்பீடு உண்டு. ஆனால் அது முதலாளி தரவேண்டிய பணம். ஆலையே நொடித்துப்போனால் இழுபறிதான்.

இதில் புனேவின் பங்கு விசித்திரமானது. இங்குள்ள கோகலே அரசியல், பொருளியல் நிறுவனத்தைச் சேர்ந்த வி.எம். தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் 1971-இல் வெளியிட்ட வறுமை ஆய்வு, ஏழைகளுக்குப் பொதுப்பணிகள் மூலம் வேலை தரவேண்டும் என்றது. 1972-73 பஞ்சத்தில் மகாராஷ்டிரம் அதைப் பெரிய அளவில் செய்தது. 1977-இல் வேலை உறுதிச் சட்டம் இயற்றியது. கிராமத்தில் கேட்டவருக்கு வேலை தர முடியாவிட்டால் வேலையின்மைப் படி தரவேண்டும் என்றது அது. செலவுக்காக 1975-இல் தொழில் வரி வந்தது. புனேயை ஒட்டிய பிம்ப்ரியின் ஆலைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பணம் கிராமத்துக்குப் போயிற்று. அவருக்கு வேலை போனால் அந்த உறுதி கிடையாது.

நகரத் தொழிலாளிக்கு முறை வந்தது 2005 ஏப்ரல் 1-இல், இ.எஸ்.ஐ.யின் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தோடு. ஆலை மூடல், ஆட்குறைப்பு, 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகியவற்றால் வேலையிழந்தவருக்குப் பாதி ஊதியம் கிடைத்தது. அதைவிடப் பெரிது, குடும்பத்துக்கும் சேர்த்துத் தொடர்ந்த மருத்துவ வசதி. பாதிச் சம்பளம் வாடகைக்கும் அரிசி, பருப்புக்கும் சரியாகிவிடும். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருக்கும் வீட்டில் சிஞ்ச்வடு மோகன்நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் மாத்திரை தொடர்வதே உண்மையான ஆதாயம். சந்தா நின்று பயன்காலமும் முடிந்தால் இ.எஸ்.ஐ. அட்டை செல்லாது.

2018 ஜூலையில் வேலையிழந்தவருக்காக இ.எஸ்.ஐ.யில் வந்த அடல் திட்டம் கால்பங்கு ஊதியமே தந்தது, அதுவும் ஆயுளில் ஒருமுறை, 90 நாள் வரை. கொரோனா முடக்கத்துக்குப் பின், 2020 ஆகஸ்டில், அதைப் பாதியாக்கினார்கள். முதலாளி வழியாக அன்றித் தொழிலாளியே நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்றும் ஆயிற்று. இந்த இரண்டாவது மாற்றமே முக்கியமானது என்பேன்: மூடிக்கிடக்கும் ஆலையில் படிவத்துக்குக் கையெழுத்துப் போட ஆள் ஏது?

பொதுவாக மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் இ.எஸ்.ஐ.க்குள் வரமாட்டார், ஹிஞ்சவடி மென்பொருள் ஊழியர் பெரும்பாலும் வெளியேதான். சந்தா கட்டாத கட்டடத் தொழிலாளியும் வீட்டு வேலை செய்பவரும் அப்படியே.