உருகாமல் ஒன்றும் உலோகங்கள்

மனிதன் உலோகத்தைக் கண்டறிந்த காலத்திலேயே, ஒரு துண்டை மற்றொரு துண்டோடு இணைப்பது எவ்வாறு என்னும் கேள்வியும் உடன்பிறந்துவிட்டது. அக்கேள்விக்குத் தமிழர் கண்ட விடைகள் இரண்டு, இன்றும் தமிழ்ச் சொற்களிலே உறைந்து கிடக்கின்றன. பொற்கொல்லர், எளிதில் உருகும் கலவையொன்றை இடையில் இட்டு நகையின் பிளவை மூடினர். அக்கலவைக்குப் பற்றாசு என்று பெயர். இரும்புக் கொல்லர் வேறு வழியை நாடினர். மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை உலையிலே பழுக்கக் காய்ச்சி, இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கினர். அங்கே இரும்பு உருகவில்லை. இளகியது, அழுத்தப்பட்டது, ஒன்றியது. கொல்லுப்பட்டறையின் இந்த இரண்டாவது நெறியே, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் விண்கலத் தொட்டிகளை இணைக்கும் முறையாகப் புதுப்பிறவி எடுத்தது என்பது வியப்புக்குரிய வரலாறாகும்.

அலுமினியம் மிக இளைய உலோகம். 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே மின்சாரத்தின் துணைகொண்டு அதனைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டனர். அதன்பின்னரே அது மலிவாயிற்று. நாளடைவில் அடுக்களைப் பாத்திரமாகவும், ரப்பர்ப் பாலை உறையவைக்கும் தட்டாகவும் அது தோட்டப்புற மக்களின் கைக்கும் வந்து சேர்ந்தது. ஆயினும், தூய அலுமினியம் மென்மையானது. 1906இல் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெட் வில்ம், செம்பும் மக்னீசியமும் சிறிதளவு சேர்ந்த அலுமினியக் கலவையைச் சூடாக்கி நீரிலே தோய்த்து வைத்தால், அது நாளாக நாளாகத் தானே வலுப்பெறுவதைக் கண்டார். துராலுமின் எனப் பெயர்பெற்ற அக்கலவையே வானூர்திக் காலத்தின் வாயிலைத் திறந்தது எனலாம்.

வலிமை கிடைத்தது, இணைக்கும் வழி கிடைக்கவில்லை. அலுமினியம் ஏறத்தாழ 660 பாகை செல்சியசில் உருகும். அதன் மேற்பரப்பிலே படிந்திருக்கும் ஆக்சைடு படலமோ 2,000 பாகையைக் கடந்தாலன்றி உருகாது. உருகிய அலுமினியம் ஹைட்ரஜன் வாயுவை உட்கொண்டு, உறையும்போது அதனை வெளிவிடுவதால் உள்ளே நுண்துளைகள் தோன்றும். வலிமை மிகுந்த கலவைகள் பலவும் உறைகின்ற வேளையிலேயே வெடிப்புக் காணும். இணைப்பை அடுத்துள்ள பகுதியும் வெப்பத்தால் தன் வலிமையை இழக்கும். ஆகவே, சிறந்த கலவைகள் பலவற்றைப் பொறியியலார் ‘பற்றவைக்க இயலாதவை’ என்று ஒதுக்கிவிட்டு, ரிவெட் எனப்படும் தறையாணியை நாடினர்.

தறையாணிக் காலத்தின் கொடிய காட்சியொன்றைச் சிலிம் ரிவர் மண் கண்டிருக்கிறது. 1942 ஜனவரி 7ஆம் நாள், பொழுது புலருமுன் துரோலாக் பகுதியை ஊடுருவிய ஜப்பானிய டாங்கிகள், நெடுஞ்சாலை வழியே விரைந்து சிலிம் ஆற்றுப் பாலத்தைக் கைப்பற்றின. அவற்றின் எஃகுத் தகடுகள் பெரும்பாலும் தறையாணிகளாலும் மரையாணிகளாலும் பூட்டப்பட்டவை. அக்காலத்துப் போர் விமானங்களின் அலுமினியத் தோலும் அவ்வாறே ஆயிரக்கணக்கான தறையாணிகளால் தைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தறையாணிக்கும் ஒரு துளை வேண்டும். ஒவ்வொரு துளையும் வெடிப்புத் தொடங்குவதற்கு ஏற்ற இடம். எடையும் கூடும், உழைப்பும் கூடும். வேறு வழியின்மையால் உலகம் இக்குறையைப் பொறுத்துக்கொண்டது.

அவ்வழி 1991இல் திறந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பற்றவைப்பு ஆய்வு நிறுவனத்தில் வேய்ன் தாமஸும் அவருடைய துணைவர்களும் உராய்வுக் கிளறல் பற்றவைப்பு என்னும் முறையைக் கண்டு, அவ்வாண்டு டிசம்பரில் காப்புரிமை கோரினர். முறை எளிமையானது. இரண்டு தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து அசையாமல் இறுக்குவர். அகன்ற தோளும் அதன்கீழ்ச் சிறிய முளையும் கொண்ட கடினமான கருவியொன்று, வேகமாகச் சுழன்றவாறே அவ்விளிம்புக்குள் இறங்கும். உராய்வினால் சூடேறும், ஆனால் உலோகம் உருகும் நிலையை எட்டாது. பிசைந்த மாவைப் போல் இளகும். முளை அதனைக் கிளறிக்கொண்டே முன்னேற, தோள் மேலிருந்து அழுத்த, இரு தகடுகளும் ஒரே தகடாகும். கொல்லனின் உலைக்கு ஈடாக உராய்வும், சம்மட்டிக்கு ஈடாகத் தோளின் அழுத்தமும் அமைந்தன. உருகுதல் இல்லையாதலின், உருகி உறைவதால் வரும் துளையும் வெடிப்பும் இல்லை.

இம்முறையின் உண்மையான சோதனை, வேறுபட்ட இரு கலவைகளை இணைப்பதிலே இருக்கிறது. கப்பலின் உடலுக்கு ஏற்றது, மக்னீசியம் சேர்ந்த 5083 என்னும் கலவை. அதனைத் தாங்கும் சட்டங்களுக்கு ஏற்றவை, சிலிக்கனும் சேர்ந்த 6000 வரிசைக் கலவைகள். முன்னது வெப்பச் செயல்முறையால் வலுப்பெறாது; பின்னவை அதனாலேயே வலுப்பெறும். இவ்விரண்டும் இளகும் தன்மையிலும் வேறுபட்டவை. ஆகவே எந்தக் கலவையை எந்தப் பக்கம் வைப்பது, கருவியை எவ்வளவு வேகத்தில் சுழற்றுவது, முளைக்கு எவ்வடிவம் தருவது என்பனவெல்லாம் ஆராயவேண்டியவை ஆயின. நன்கு அமைந்த இணைப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெங்காயத்தின் அடுக்குகளைப் போன்ற வளையங்கள் பலவேளைகளில் தெரியும். இரண்டும் தத்தம் இயல்பை முற்றும் இழவாமல், ஒன்றையொன்று தழுவி நிற்பதன் அடையாளம் அது.

இந்த ஆராய்ச்சியில் தமிழகத்தின் பங்கு பெருமைக்குரியது. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தைச் சார்ந்து 1975இல் பற்றவைப்பு ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கே. இளங்கோவனும் வி. பாலசுப்பிரமணியனும் ஐவகை முளைகளைக் கொண்டு 2219 கலவையை இணைத்துப் பார்த்து, சதுர முளையே குறையற்ற இணைப்பைத் தந்ததென 2007இல் வெளியிட்டனர். கோயம்புத்தூர்த் தொழில்நுட்பக் கல்லூரியின் என். முருகன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012இல் வேறுபட்ட கலவைகளாகிய 5083, 6351 ஆகியவற்றை இணைத்தனர். நிமிடத்திற்கு 600, 950, 1,300 என்னும் மூன்று சுழற்சி வேகங்களில், 950 சுழற்சியும் சதுர முளையும் சேர்ந்தபோதே இணைப்பு மிகுந்த வலிமை பெற்றது. அது சதுர மில்லிமீட்டருக்கு 273 நியூட்டன் இழுவிசையைத் தாங்கியது. வேகம் குறைந்தாலும் குறை; மிகுந்தாலும் குறை. நடுவே ஒரு நிதானம் வேண்டியிருந்தது.

இதற்குள் அம்முறை உலகெங்கும் பரவிவிட்டது. 1999 ஆகஸ்டில் இம்முறையால் இணைக்கப்பட்ட தொட்டியைத் தாங்கி டெல்ட்டா 2 ஏவூர்தி விண்ணேறியது. ஜப்பானிய விரைவு ரயில் பெட்டிகளிலும் இது கையாளப்பட்டது. குறைகளும் இல்லாமல் இல்லை. தகடுகளை மிக உறுதியாக இறுக்கவேண்டும். கருவி வெளியேறும் இடத்தில் ஒரு குழி எஞ்சும். வளைந்து நெளிந்த இணைப்புகளுக்கு இது எளிதில் உடன்படாது.

எனினும் இவ்வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உணர்த்தும் செய்தி ஒன்றுண்டு. இவ்வாராய்ச்சிக்கு எப்போதும் கோடிக்கணக்கான செலவு தேவைப்படவில்லை. கல்லூரிப் பட்டறையில் உள்ள துருவல் இயந்திரத்தைச் சிறிது மாற்றியமைத்தே பலர் இதனைச் செய்திருக்கின்றனர். முதற் காப்புரிமையின் காலமும் இன்று முடிந்துவிட்டது. சிலிம் ரிவருக்கு அருகே பேராங்கில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் மகிழுந்து ஆலை இருக்கிறது. ரப்பர்ப் பாலை அலுமினியத் தட்டில் உறையவைத்த கைகளின் பேரப்பிள்ளைகள் அவற்றின் வாயிலைக் கடந்து செல்லும்போது, ‘இயலாது’ என்று ஒதுக்கப்பட்டதை மீண்டும் ஒருமுறை கேள்விக்கு உட்படுத்தும் துணிவையும் உடன் கொண்டு செல்லவேண்டும். அத்துணிவை ஊட்டவேண்டிய இடம் தமிழ்ப்பள்ளியின் வகுப்பறையே ஆகும்.