காலேஜ் முடிஞ்சதும் ஃப்ரெண்ட்ஸ் குறைவது ஏன்? திருத்தணி ரயில் சொல்லும் 200 மணி நேரக் கணக்கு!

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு கேங் அமைந்துவிடும். ஆனால் வேலைக்குப் போய் 3 வருஷம் ஆனாலும், மனசு விட்டுப் பேச ஒரு ஆள் கிடைப்பதில்லை. இது பலரும் சொல்லும் குறை. காரணம் என்ன?

எத்தனை மணி நேரம் தேவை?

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், புதிதாக ஊர் மாறியவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்து ஆய்வு செய்தார். 2018-ல் அதன் முடிவுகள் வெளியாகின. தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக சுமார் 50 மணி நேரம், நல்ல நண்பராக சுமார் 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல் தேவைப்படுகிறதாம்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. சேர்ந்து சாப்பிடுவது, அரட்டை அடிப்பது போன்ற ஓய்வு நேரம்தான் கணக்கு.

கல்லூரியில் ஏன் ஈஸி?

திருத்தணி சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பஸ் பயணம், மதிய சாப்பாடு, வகுப்பு இடைவேளை என தினமும் 3 மணி நேரம் நண்பர்களோடு கழிந்தால், 70 நாட்களுக்குள் 200 மணி நேரம் தாண்டிவிடும். அதாவது, ஒரே செமஸ்டர் போதும். யாரும் இதற்காகத் திட்டம் போட வேண்டியதில்லை.

வேலைக்குப் போனால்?

'சண்டே மீட் பண்ணலாம் மச்சான்' என்று சொல்லி, மாதம் ஒருமுறை 3 மணி நேரம் சந்தித்தால் என்ன ஆகும்? புதிய நண்பர் ஒருவர் நெருக்கமாக 5 வருஷத்துக்கு மேல் ஆகும்!

செல்போன் அழைப்புகளை வைத்து ஃபின்லாந்து, இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. ஒருவர் தொடர்பில் வைத்திருக்கும் ஆட்களின் எண்ணிக்கை 25 வயது வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு குறைகிறது.

ரயிலில் கிடைக்கும் நேரம்

திருத்தணியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 80 கி.மீ. மின்சார ரயிலில் ஏறக்குறைய 2 மணி நேரம். சீசன் டிக்கெட் எடுத்து தினமும் போய் வருபவர்கள், காலையில் மட்டும் அதே ரயில், அதே பெட்டி, அதே ஆட்கள் என்று பயணித்தால் மாதம் 25 நாளில் 50 மணி நேரம். 4 மாதத்தில் 200 மணி நேரம் வந்துவிடும். ஆனால், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டால் இந்தக் கணக்கு செல்லாது!

ரயில் பயணம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. மாதாமாதம் கிருத்திகைக்கு 365 படி ஏறும் குழு, காலை நடைப்பயிற்சி, மாலை நேர கிரிக்கெட் என ஒரே இடத்தில், ஒரே ஆட்களை, திரும்பத் திரும்பச் சந்திக்கும் வாய்ப்பு வேண்டும். அவ்வளவுதான்.

இது ஏன் முக்கியம்?

உலகில் 6 பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், இதனால் ஆண்டுக்கு 8.71 லட்சம் மரணங்கள் நிகழ்வதாகவும் உலக சுகாதார அமைப்பு 2025-ல் மதிப்பிட்டுள்ளது.

பழைய நண்பர்களை என்ன செய்வது? அவர்களோடு 200 மணி நேரம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் பர்த்டே வாழ்த்தோடு நிறுத்தாமல், ஒரு போன் போட்டுப் பேசினாலே போதும்.