கோப்புரிமையில் ‘குழு’: ஒரு வரலாற்று நோக்கு

பலர் பயன்படுத்தும் கணினியொன்றின் சேமிப்பகத்திலே, ஒரு பாவனையாளர் எக்குழுக்களைச் சேர்ந்தவர் என்பதை ‘குரூப்ஸ்’ என்னும் ஒற்றைக் கட்டளையால் இன்று அறிந்துகொள்ளலாம். அச்சிறு பட்டியலின் பின்னே உடைமை, பொதுமை ஆகியன பற்றிய தீர்மானமொன்று உள்ளது. அது எவ்வாறு உருப்பெற்றது என்பதையே ஈண்டு நோக்குகின்றோம்.

மல்ற்றிக்ஸ் திட்டத்திலிருந்து பெல் ஆய்வுகூடம் 1969 இல் விலகிய பின்னர், அங்கு கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் யுனிக்ஸை உருவாக்கினர். 1974 இல் அவ்விருவரும் வெளியிட்ட கட்டுரை, ஒவ்வொரு கோப்புக்கும் ஏழு பாதுகாப்புப் பிற்றுக்கள் உண்டெனக் கூறுகின்றது. அவற்றுள் ஆறு, வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் உரிமைகளை உடைமையாளருக்கும் ஏனையோருக்கும் தனித்தனியே வகுத்தன. உடையவர், மற்றையோர் என்ற இரு பிரிவுகளுக்கு அப்பால் எதுவும் இல்லை. அதே கட்டுரையின் திருத்திய வடிவம் 1978 இல் வந்தபொழுது பிற்றுக்கள் பத்தாகியிருந்தன. இடையிலே ‘குழு’ புகுந்துவிட்டது. கூட்டாக உழைப்போரின் தேவை தனியுடைமை, முழுப்பொதுமை என்னும் இரண்டினுள்ளும் அடங்காது என்பதன் ஒப்புதலாகவே இம்மாற்றத்தை நாம் கொள்கின்றோம்.

ஆயின், குழுவை வெறும் சலுகையாகக் கருதுவது தவறாகும். கோப்பொன்றை அணுகுபவர் உடைமையாளரா என்பது முதலிலும், குழுவினரா என்பது அடுத்தும் நோக்கப்படும். பொருந்திய முதல் வகுப்பின் உரிமையே முடிவானது. எனவே, ‘604’ என உரிமை குறிக்கப்பட்ட கோப்பொன்றை ஊரார் யாவரும் வாசிக்கலாம். குழுவின் உறுப்பினர் மட்டும் வாசிக்கவியலாது. உறுப்புரிமையே விலக்குதற்கும் கருவியாகின்றமை மனங்கொள்ளத்தக்கது. மரபான யுனிக்ஸில் குழுக்கோப்பைத் திருத்தும் அதிகாரம் மேலாளருக்கே உரியது என்பதையும் இதனுடன் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

தொடக்கத்தில் ஒருவர் ஒரு வேளையில் ஒரு குழுவினராகவே இயங்க முடிந்தது. வேறொன்றுக்கு மாற ‘நியூகிரப்’ என்னும் கட்டளை வேண்டியிருந்தது. 1983 இல் பேர்க்லியிலிருந்து வெளிவந்த 4.2 பிஎஸ்டி பல குழுக்களில் ஒருங்கே இருக்க இடமளித்தது. பட்டியலிடும் கட்டளை உண்மையிற் பயன்மிக்கதானது இதன் பின்னரே எனலாம். குழுக்கோப்பை மாத்திரம் படிப்பவர் ஏமாறக்கூடும். ஒருவரின் முதன்மைக் குழு கடவுச்சொற் கோப்பிலேயே குறிக்கப்படுவதால், குழுக்கோப்பில் அவர் பெயர் இல்லாதிருக்கலாம்.

சேமிப்பகம் வலையமைப்பின் மறுமுனைக்குச் சென்றதும் சிக்கல் பெருகிற்று. சன் நிறுவனத்தின் தொலைச்செயல் அழைப்பு நெறிமுறை, 1988 இல் வெளியான விவரணத்தின்படி, யுனிக்ஸ் முறைச் சான்றிலே பதினாறு மேலதிகக் குழுக்களுக்கே இடம் வைத்தது. பதினேழாவது குழுவால் ஒருவருக்கு வரவேண்டிய உரிமையை அச்சான்று சுமக்கவில்லை. பின்னர் சில சேவையகங்கள் குழுக்களைத் தாமே தேடியறியத் தலைப்பட்டன.

ஹடூப்பின் பரவற் கோப்புமுறையில் இப்போக்கு மேலும் தெளிவாகின்றது. அங்கு ‘எச்டிஎஃப்எஸ் குரூப்ஸ்’ என்னும் கட்டளை, பாவனையாளரின் சொந்தக் கணினியை வினவுவதில்லை. கோப்புப் பெயர்களை ஆளும் தலைமைக் கணுவையே வினவுகின்றது. இரண்டிலுமுள்ள பட்டியல்கள் வேறுபடின், தலைமைக் கணுவின் பட்டியலே செல்லுபடியாகும்.