பேசாப் படங்களுக்குக் குரல் தந்தோர்

கலை வரலாறு எழுதுவோர் ஒரு கலை தோன்றிய விதத்தையும் வளர்ந்த விதத்தையும் விரிவாகக் கூறுவர். அக்கலை திடுமென வழக்கொழிந்தபோது அதனையே நம்பி வாழ்ந்தோர் என்னவாயினர் என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. அவ்வினாவிற்கு விடை தேடுங்கால், மேலைநாட்டுத் திரையரங்குகளில் குழல் ஆர்கன் வாசித்த கலைஞர்களின் வரலாறு நமக்குப் பெரிதும் துணை செய்கிறது. அமெரிக்காவில் 1910ஆம் ஆண்டளவில் வேரூன்றி, 1926ஆம் ஆண்டளவில் உச்சத்தை எட்டி, அடுத்த சில ஆண்டுகளிலேயே சரிந்து விழுந்த தொழில் அது. புதிய பொறி வந்தது, பழைய தொழில் மாய்ந்தது என்று ஒரே வரியில் இதனைச் சொல்லி முடித்துவிடலாம். ஆயின், சற்று நுணுகி நோக்கின் அவ்வொரு வரி உண்மையின் ஒரு பாதியே என்பது புலனாகும்.

கருவியின் தோற்றம்

நம் இசையரங்குகளிலும் நாடக மேடைகளிலும் ஒலித்த ஆர்மோனியத்தை நாம் நன்கு அறிவோம். குழல் ஆர்கனும் அதனைப் போலவே காற்றால் இயங்குவது, விசைப்பலகையால் வாசிக்கப்படுவது. ஆயினும் அளவிலும் அமைப்பிலும் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. விரலளவு முதல் வீட்டுக் கூரையை எட்டும் உயரம் வரை, நூற்றுக்கணக்கான குழல்கள் வரிசை வரிசையாக நிறுத்தப்பெற்றிருக்கும். கலைஞர் இரு கைகளால் பல விசைப்பலகைகளை இயக்குவதோடு, இரு கால்களாலும் மிதிவிசைகளை இயக்க வேண்டும். பல நூற்றாண்டுகளாக இக்கருவி ஐரோப்பியத் தேவாலயங்களில் வழிபாட்டிற்கே பெரிதும் பயன்பட்டு வந்தது.

அதனைத் திரையரங்கிற்கு ஏற்ற கருவியாக்கிய பெருமை, 1859இல் இங்கிலாந்தில் பிறந்த ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் என்பாரைச் சாரும். அவர் தொலைபேசி நிறுவனமொன்றில் மின்பொறியாளராகப் பணியாற்றியவர். தொலைபேசியில் மின்சாரம் செய்யும் வேலையை ஆர்கனிலும் செய்விக்கலாம் என்பதை அவர் கண்டார். விசையை அழுத்தியதும் மின்னோட்டம் பாயும். அது காந்தத்தை இயக்கும். காந்தம் குழலின் அடைப்பைத் திறக்கும். இதனால் வாசிப்பவர் அமரும் விசைமேடையைக் குழல்களிலிருந்து விலக்கி, அரங்கில் எங்கு வேண்டுமாயினும் வைக்க இயன்றது. ஒரே குழல் வரிசையைப் பல சுருதி நிலைகளில் பயன்படுத்தும் முறையையும் அவர் வளர்த்தெடுத்தார். குறைந்த குழல்களைக் கொண்டு நிறைந்த ஒலியைப் பெற இது வழிவகுத்தது. முரசு, கைத்தாளம், மணி முதலியவற்றோடு பறவையின் கூவல், குதிரைக் குளம்பொலி, தொடர்வண்டியின் ஊதல் ஆகியனவும் பிற்காலத்தில் இக்கருவியில் இடம்பெற்றன.

ஹோப்-ஜோன்ஸ் 1903இல் அமெரிக்கா சென்றார். அங்கு அவர் நடத்திய நிறுவனம் நிலைக்கவில்லை. 1910இல் வுர்லிட்சர் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கும் அவருக்கும் நிறுவனத்தாருக்கும் ஒத்துப்போகவில்லை. மனம் நொந்த அவர் 1914இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தம் கருவி பெற்ற பெருவாழ்வை அவர் கண்ணாரக் காணவில்லை. வுர்லிட்சர் நிறுவனம் பின்னர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்கன்களைச் செய்தளித்தது. 1926ஆம் ஆண்டில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்டவை தொழிற்சாலையை விட்டு வெளியேறின.

இத்துணை வேகமாக இக்கருவி பரவியதற்குக் காரணம் இசையார்வம் மட்டுமன்று. ஓர் இசைக்குழுவினர் பலருக்குக் கொடுக்க வேண்டிய ஊதியத்தை ஒருவருக்குக் கொடுத்தால் போதும் என்னும் கணக்கும் அதில் அடங்கியிருந்தது. பெருநகர அரங்குகள் இசைக்குழு, ஆர்கன் இரண்டையும் வைத்துக்கொண்டன. சிறிய அரங்குகளிலோ ஆர்கன் வந்ததும் குழுவினருக்கு இடமில்லாது போயிற்று. பலர் செய்த வேலையை ஒருவருக்குச் சுருக்கிய கருவி இது என்பதை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அவ்வொருவரும் வேண்டா என்று சொல்லும் கருவி வந்தபோது, அரங்கு உரிமையாளர் போட்டதும் இதே கணக்கைத்தான்.

கலைஞரின் பணி

பேசாப் படத்திற்கு வாசிப்பது எளிய பணியன்று. கண் திரையை நோக்க வேண்டும். கை விசைகளில் தவழ வேண்டும். கால் கீழ்ச்சுரத்தைத் தாங்க வேண்டும். படத்துடன் வரும் குறிப்புத் தாள், இன்ன காட்சிக்கு இன்ன இசை என்று ஓரளவு வழிகாட்டும். பெரும்பகுதியைக் கலைஞரே அவ்வப்போது கற்பனை செய்து வாசித்தாக வேண்டும். 1924இல் எர்னோ ராப்பே என்பவர் இவர்களுக்கென்றே ஒரு தொகுப்பு நூலை வெளியிட்டார். காதல், துயரம், போர், துரத்தல் எனக் காட்சியின் இயல்புகளைப் பக்க ஓரத்தில் அட்டவணையாக அச்சிட்டு, வாசிக்கும்போதே உரிய பக்கத்தைத் திருப்புமாறு அமைக்கப்பெற்ற நூல் அது. இடைவேளையில் பாட்டின் வரிகள் திரையில் தோன்ற, கலைஞர் வாசிக்க, அவையோர் ஒன்றுகூடிப் பாடுவதும் உண்டு. அன்று திரையரங்கிற்கு மக்களை ஈர்த்த பெயர்களுள் நடிகர் பெயரோடு ஆர்கன் கலைஞரின் பெயரும் ஒன்றாயிருந்தது.

இவர்களுட் பலர் தேவாலயத்தில் கற்றவர்கள். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரிலுள்ள ஈஸ்ட்மன் இசைப்பள்ளி, 1920களில் இத்துறைக்கெனத் தனி வகுப்பே நடத்தியது. பெண்களும் கணிசமாக இத்தொழிலில் ஈடுபட்டனர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்கள் திரண்டு வந்த லிங்கன் அரங்கில் இளைஞரான ஃபேட்ஸ் வாலர் வாசித்தார். அவர் அருகிலிருந்து ஆர்கன் கற்றவரே பின்னாளில் ஜாஸ் உலகில் புகழ்பெற்ற கவுண்ட் பேஸி.

இவர்கள் அனைவரிலும் உயர்ந்த புகழை எய்தியவர் ஜெஸ்ஸி கிராஃபர்டு. 1895இல் கலிஃபோர்னியாவில் பிறந்த அவர் அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். 1921இல் சிக்காகோ அரங்கிலும், 1926இல் நியூயார்க் பாரமவுண்ட் அரங்கிலும் அமர்ந்தார். நான்கு கை விசைப்பலகைகளும் 36 குழல் வரிசைகளும் கொண்டது பாரமவுண்ட் ஆர்கன். அவருடைய துணைவியார் ஹெலனும் இரண்டாவது விசைமேடையில் அமர்ந்து உடன் வாசித்தார். இசைத்தட்டுகள் வாயிலாகவும் பரவிய அவர் புகழ், 'ஆர்கன் கவிஞர்' என்னும் பட்டத்தை அவருக்கு ஈட்டித் தந்தது.

சரிவும் அதன் காரணமும்

1927 அக்டோபரில் 'ஜாஸ் பாடகன்' என்னும் அமெரிக்கப் படம் வெளிவந்தது. அதில் திரையே பாடிற்று. சில இடங்களில் பேசிற்று. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அரங்குகள் ஒலிபெருக்கிகளைப் பொருத்திக்கொண்டன. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் எரியும் நெருப்பில் எண்ணெயாயிற்று. எந்திர இசையை எதிர்த்து அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் நாளேடுகளில் பெரும் விளம்பரப் போர் நடத்தியும் பயன் விளையவில்லை. பாரமவுண்டு அரங்கை விட்டுக் கிராஃபர்டும் 1933இல் விலகினார்.

இதுவரை கூறியது கொண்டு, பொறியே தொழிலைக் கொன்றது எனும் முடிவுக்கு நாம் வரக்கூடும். அட்லாண்டிக் கடலின் மறுகரையாகிய பிரிட்டனைப் பார்ப்போம். அங்கும் அதே பேசும் படம்தான் வந்தது. எனினும் பேசும் படம் வந்த பின்னரே, 1930களில், அந்நாட்டுத் திரையரங்குகளில் ஆர்கன்கள் நூற்றுக்கணக்கில் புதிதாகப் பொருத்தப்பெற்றன. காம்ப்டன் என்னும் ஆங்கில நிறுவனம் இதில் முன்னணியில் நின்றது. படத்திற்கு இசை கூட்டும் வேலை போயிற்று என்பது மெய். ஆனால் இரு படங்களுக்கிடையே, ஒளி சூழ்ந்த விசைமேடை தரைக்கடியிலிருந்து மேலெழ, கலைஞர் தனித்து வாசிக்கும் நிகழ்ச்சியை அங்குள்ள உரிமையாளர்கள் வைத்துக்கொண்டனர். மக்களும் அதனை விரும்பினர். ஒரே பொறி இரு நாடுகளில் இருவேறு விளைவுகளைத் தந்தது. ஆகவே பொறி மட்டுமே முடிவு செய்வதில்லை. கலைஞனுக்கு இடம் விடுவதா, வேண்டாவா என்பதை மனிதர்களும் முடிவு செய்கின்றனர்.

பிழைத்தோர் கண்ட வழிகள்

இடம் இழந்தோர் சிலர் வானொலியில் புகலடைந்தனர். பிபிசி நிறுவனம் 1936இல் இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தில் தனக்கென ஓர் ஆர்கனை நிறுவி, ரெஜினால்டு ஃபூர்ட் என்பாரை அதன் முதல் நிலையக் கலைஞராக்கியது. 1938இல் அவர் விலகி, ஐந்து விசைப்பலகைகள் கொண்ட ஆர்கனொன்றை அமெரிக்காவில் செய்வித்து, அதனைக் கழற்றி ஊர்திகளில் ஏற்றி ஊர்தோறும் சென்று வாசித்தார். அவர் விட்ட இடத்திற்குக் கனடாவைச் சேர்ந்த சாண்டி மாக்ஃபர்சன் வந்தார். 1939 செப்டம்பரில் போர் மூண்டு மற்ற நிகழ்ச்சிகள் பல நின்றுபோயின. அப்போது வானொலியின் வெற்று நேரங்களை அவர் ஒருவரே வாசித்து நிரப்பினார். முதல் இரு வாரங்களில் 45 நிகழ்ச்சிகள் வரை அளித்தார் என்பர். பின்னர் குண்டுவீச்சில் மண்டபமும் ஆர்கனும் அழிந்தபோது, ஃபூர்ட்டின் பயண ஆர்கனே பிபிசிக்குக் கைகொடுத்தது.

நடன மண்டபத்தில் வாழ்வு கண்டவர் ரெஜினால்டு டிக்சன். 1904இல் ஷெஃபீல்டில் பிறந்து, தேவாலயத்திலும் பேசாப் பட அரங்குகளிலும் வாசித்துப் பழகியவர். 1930இல் பிளாக்பூல் கடற்கரை நகரின் டவர் நடன மண்டபத்திற்கு வந்தார். நடனத்திற்கு ஆர்கன் ஒத்து வராது என்பது அன்றைய கருத்து. ஆடும் கால்களுக்குத் தாளம் பிசகாது விழ வேண்டும்; ஆர்கனோ நீண்டொலிக்கும் இயல்புடையது. டிக்சன் காலாலும் இடக்கையாலும் தாளத்தை அழுத்தமாக நிறுத்தி, வலக்கையால் பண்ணை இசைக்கும் தனிப்பாணியை வகுத்தார். 1935இல் அவருக்கென்றே பெரிய ஆர்கன் அமைக்கப்பெற்றது. போர்க்காலத்தில் வான்படைப் பணிக்குச் சென்றது தவிர, 1970இல் ஓய்வு பெறும் வரை அவர் அம்மண்டபத்தை விட்டு நீங்கவில்லை. 'மிஸ்டர் பிளாக்பூல்' என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தனர்.

கிராஃபர்டின் பிற்கால வாழ்வு ஆசிரியர்களாகிய நம் கவனத்திற்குரியது. புகழின் உச்சியிலிருந்து இறங்கிய அவர், 1930களில் ஜோசப் ஷில்லிங்கர் என்னும் இசைக் கோட்பாட்டு ஆசிரியரிடம் மாணவராய் அமர்ந்தார். 1935இல் சந்தைக்கு வந்த ஹாமண்ட் மின் ஆர்கனையும் கைக்கொண்டார். குழலில்லாத அக்கருவி தம் பழைய கலைக்கு ஈடாகாது என்று ஒதுக்கிவிடாமல், 1962இல் மறையும் வரை இசைத்துறையிலேயே நீடித்தார்.

எனினும் என் உள்ளத்தை மிகவும் தொட்டது ரோசா ரியோ அம்மையாரின் வரலாறே. 1902இல் நியூ ஆர்லியன்சில் பிறந்த அவர், பேசாப் பட அரங்குகளில் வாசித்துப் பெயர் பெற்றார். பேசும் படம் அவ்வேலையைப் பறித்தது. அமெரிக்க வானொலியில் தொடர் நாடகங்களுக்குப் பின்னணி வாசிக்கத் தொடங்கினார். ஒரு நாடகம் முடிந்த சில நொடிகளில் அடுத்த ஒலிபரப்புக் கூடத்திற்கு ஓடி, அடுத்த நாடகத்தைத் தொடங்கும் வாழ்வு அது. பின்னர்த் தொலைக்காட்சி வந்து வானொலி நாடகத்தையும் ஒழித்தது. இரண்டாம் முறையாகத் தொழிலிழந்த அவர் இசை கற்பிக்கும் ஆசிரியரானார். 1980களில், பழைய பேசாப் படங்களை வீடியோ நாடாக்களாக வெளியிட முற்பட்டவர்களுக்கு, அப்படங்களுக்கு வாசிக்கத் தெரிந்த கைகள் தேவைப்பட்டன. அறுபது ஆண்டுகளுக்கு முன் தாம் செய்த பணியை எண்பது வயதளவில் அவர் மீண்டும் தொடங்கினார். ஃபுளோரிடாவின் டாம்பா அரங்கில் நூறு வயதைக் கடந்த பின்னரும் மேடையேறி வாசித்து, 2010இல் தமது 107ஆம் வயதில் மறைந்தார்.

இத்தகைய மறுவாழ்வு தானாக வந்ததன்று. 1955இல் ஆர்வலர் சிலர் அமெரிக்காவில் அரங்க ஆர்கன் சங்கத்தைத் தோற்றுவித்தனர். பூட்டிக் கிடந்த ஆர்கன்களை விலைக்கு வாங்கியும் பழுது நீக்கியும் காத்தனர். பேசாப் படங்களுக்கு லாஸ் ஏஞ்சலிசில் வாசித்த கெயிலார்டு கார்ட்டர் போன்ற முதியோர், அப்படங்களை மீண்டும் திரையிட்டு ஊர் ஊராக வாசித்தனர். கருவியைக் காத்தோர் இருந்தமையால் கலைஞர்க்கு மேடை கிடைத்தது. கலைஞர் நெடுநாள் வாழ்ந்தமையால் கருவிக்குப் பொருள் கிடைத்தது.

நிறைவுரை

நாம் ஈண்டுப் பெயர் சொல்லிக் கண்டோர் பிழைத்தவர்கள். ஒவ்வொரு சிற்றூர் அரங்கிலும் வாசித்த ஏனையோர் பெயரின்றி மறைந்தனர். வானொலி நிலையம் அவர்களை அழைக்கவில்லை. நடன மண்டபம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. திறமையிருந்தால் எவரும் பிழைக்கலாம் என்று மாணவர்க்கு எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இவ்வரலாறு அக்கூற்றை முழுமையாக ஏற்கவில்லை. டிக்சனின் திறமைக்கு ஒரு மண்டபம் நாற்பதாண்டு இடம் கொடுத்தது. ரோசா ரியோவின் திறமைக்கு ஓர் ஊர் மேடை திறந்து வைத்தது. கற்ற கலையை இறுதிவரை கைவிடாதிருத்தல் கலைஞரின் கடமை. அக்கலைக்கு ஓர் இடத்தை விட்டுவைத்தல் சமுதாயத்தின் கடமை. முன்னதை மட்டும் வகுப்பறையில் வற்புறுத்திவிட்டுப் பின்னதைப் பேசாது விடுவோமாயின், நாம் கற்பித்தது பாதிப் பாடமே ஆகும்.