பக்காவின் வாய்விடாத மறுப்பு: ‘அன்டச்சபிள்’ நாவலில் காந்தியின் உரை

முல்க் ராஜ் ஆனந்தின் ‘அன்டச்சபிள்’ (1935) நாவலின் இறுதிப் பகுதியை மூன்று தீர்வுகளின் வரிசையாகப் படிப்பது ஆய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. கர்னல் ஹட்சின்சன் காட்டும் கிறிஸ்து, மேடையில் காந்தி, கவிஞர் சர்ஷார் புகழும் ஃப்ளஷ் கழிப்பறை. இவற்றுள் ஆசிரியர் எதன் பக்கம் என்பதே நெடுநாள் வழக்கு. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வதற்குமுன், கோல்பாக்கில் காந்தி ஆற்றும் உரை எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பார்த்தாக வேண்டும் என்று கருதுகிறேன்.

அந்த உரை ஒரே காலத்ததன்று. சிறுவயதில் வீட்டுக் கழிப்பறையைத் துப்புரவு செய்ய வந்த ஊக்காவின் நினைவு, மறுபிறவி உண்டெனில் தீண்டத்தகாதவனாகப் பிறக்க வேண்டும் என்ற விருப்பம், எச்சில் உணவை மறுத்து நல்ல தானியத்தையே பெற வேண்டும் என்ற அறிவுரை ஆகியவை 1921 ஏப்ரலில் அகமதாபாதில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பார் மாநாட்டில் காந்தி பேசியவை. ‘யங் இந்தியா’வில் அச்சேறியவை. நாவலின் காந்தியோ சிறையிலிருந்து வந்தவர், தனி வாக்காளர் தொகுதியை எதிர்த்து உண்ணாநோன்பு இருந்தவர். அதாவது 1932 செப்டம்பருக்குப் பிந்தையவர். நூலின் முடிவில் ஆனந்த் இட்டிருக்கும் காலக்குறிப்பும் 1933 செப்டம்பர்–அக்டோபர்தான். இரு வேறு அரசியல் சூழல்கள் தையல் தெரியாமல் இணைந்திருக்கின்றன.

நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு என்பதில் விவாதமில்லை. அந்த இணைப்பில் எது விடுபட்டது என்பதே என் கேள்வி. 1921-இல் காந்தியின் எதிரே அம்பேத்கர் இல்லை. 1932-இல் எதிரே நின்றவர் அவரேதான். லண்டன் வட்டமேசை மாநாட்டில் தனி வாக்காளர் தொகுதியைக் கோரியவர்கள் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும். நாவலின் உரையில் அது வெள்ளை அரசு பிரித்தாள்வதற்காகக் கொடுத்த ஒன்றாகவே வருகிறது. கொடுத்தவர் உண்டு, கேட்டவர் இல்லை. ‘அது காந்தியின் குரல், ஆசிரியரின் குரலன்று’ எனலாம். அப்படியானால் உரை முடிந்ததும் பாரிஸ்டர் பஷீரும் கவிஞரும் காந்தியை வைத்து வாதாடும்போதாவது அந்தக் கோரிக்கை தலைகாட்டியிருக்க வேண்டும். அங்கும் பேச்சு இயந்திரத்தைப் பற்றியதே.

பஞ்சாபின் ஒரு சிறுநகரத்தில் அம்பேத்கரை யார் அறிந்திருப்பர் என்ற சமாதானமும் சொல்லப்படுகிறது. இது பஞ்சாபை அறியாத சமாதானம். மங்கு ராம் தலைமையில் 1926-இல் எழுந்த ஆத் தர்ம இயக்கம் அந்த மண்ணில் பிறந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தம்மை இந்துக்கள் என்று பதியாமல் ஆத் தர்மிகள் என்று பதிந்தனர். அந்த இயக்கத்தின் வலு தோல் தொழில் செய்தவர்களிடமே மிகுதி, துப்புரவுத் தொழிலாளரிடம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் தீண்டாமைக்கு ஆளானவர்கள் தமக்காகத் தாமே பேசினர் என்பது நாவலின் களமான புலாஷா போன்ற ஊரில் யாரும் கேள்விப்படாத செய்தியாக இருந்திருக்க முடியாது.

இவ்வளவும் சொன்னபின் நாவலுக்கு நியாயம் செய்தாக வேண்டும். ஆனந்தின் திட்டம் விட்ட இடைவெளியை அவர் படைத்த பாத்திரம் ஓரளவு நிரப்புகிறது. காந்தி ஊக்காவைப் பற்றிப் பேசும்போது, நாவலின் நாயகனான துப்புரவுத் தொழிலாளி பக்கா உருகுகிறான். தூய்மை வேண்டும், குடியை விட வேண்டும் என்று பேச்சு திரும்பியதும், இவர் பழியை நம்மீதே போடுகிறாரே, இது முறையல்லவே என்று அவன் மனம் சுருங்குகிறது. எச்சிலை வாங்காதீர்கள் என்ற சொல் வந்ததும் மீண்டும் மலர்கிறது. அன்றுதான் ஒருத்தி மாடியிலிருந்து எறிந்த ரொட்டியைச் சாக்கடையோரத்திலிருந்து பொறுக்கியவன் அவன். அதை இந்த மனிதரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தவிக்கிறான். ஆனால் வாய் திறப்பதில்லை.

ஆய்வாளர்கள் இவ்விடத்தைப் பக்காவின் வெள்ளை உள்ளத்துக்குச் சான்றாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் இதை மறுப்பாகவே படிக்கிறேன். ஒடுக்கப்பட்டவன் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற வாதத்தை அவ்வாதத்துக்கு உரியவனே எடைபோட்டு ஏற்க மறுக்கும் ஒரே கணம் இது. அன்று காலை கடைத்தெருவில் அறை வாங்கியவன், கோயில் முற்றத்தில் தங்கை சோஹினிக்கு நேர்ந்த இழிவைக் கேட்டுக் கொதித்தவன், யாரிடம் குற்றம் இருக்கிறது என்பதை ஒரே பகலில் உடம்பால் அறிந்திருக்கிறான். அம்பேத்கர் அரங்கில் நின்று சொன்னதற்கு நாவலில் கிடைக்கும் மிக நெருங்கிய எதிரொலி இந்த வாய்விடாத மறுப்புத்தான்.

ஃப்ளஷ் கழிப்பறையே நாவலின் முடிபு என்போருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரம் மலம் அள்ளுவதை நிறுத்தினால் அள்ளுபவன் தீண்டத்தக்கவனாகிவிடுவான் என்ற கவிஞரின் கணக்கை நம் நகரங்கள் பொய்யாக்கிவிட்டன. ஃப்ளஷ் வந்தது, பாதாளச் சாக்கடை வந்தது, அதற்குள் இறக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அதே சாதிகளைச் சேர்ந்தவர்கள். 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் இன்னொரு சட்டமும் இயற்றியும், நச்சுவாயு தாக்கிச் சாவோரின் உடல்களை அந்தக் குழிகளிலிருந்து இன்னும் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறோம்.